முன்னுரையைப் பின்னால் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் படித்த நாவல்களைப் பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த கடிதங்களைப் பார்த்தேன். பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஒரு டாக்டர். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். சரி, பனியன் கம்பெனியில் இருந்து ஒருத்தியும் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் பீஸை ட்யூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் பார்க்க வேண்டும். குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதனால் புத்தகத்தை எடுத்தாலும் கை முதலில் குறையைத்தான் தேடும். என் எழுத்தில் அது தெரிந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அதனால்தான் பூமணியின் 'வெக்கை'யை நூலகத்தில் இருந்து எடுத்தேன். 1982-இல் வந்த நாவல். 'அசுரன்' படம் இதில் இருந்துதான் எடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற பணக்காரனை வெட்டிவிடுகிறான். கையை வெட்டத்தான் போகிறான், ஆள் போய்விடுகிறான். இதைச் சொல்வதால் கதை கெட்டுப்போகாது, முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம் அப்பாவும் மகனுமாக எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எங்கே சோறு பொங்கினால் புகை தெரியாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், இதுதான் நாவல் முழுக்க. கொலை செய்த பையனை இவ்வளவு பசியும் தூக்கமுமாக, சாதாரணப் பிள்ளையாக, நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இந்தக் கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைப் பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். எட்டு நாள் கதை, நாளுக்கு ஒரு நாளாகச் சொல்வது என்று கணக்கு. திங்கட்கிழமை தொடங்கினேன். முதல் நாளே ஒருத்தி கேட்டாள், "ஏங்க்கா, தனுஷ் எப்ப வருவாரு?" என்று. நாவலில் தனுஷ் இல்லையம்மா, அப்பா இருக்கிறார், ஆனால் எல்லாவற்றையும் பையன் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறோம் என்றேன். முகம் தொங்கிப்போனது. மூன்றாம் நாள் அவளேதான் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் "இன்னைக்குப் பொழுது எங்கக்கா படுத்தாங்க?" என்றாள். சனிக்கிழமை சம்பள நாள், ஆறாவது நாள் கதையை அவசர அவசரமாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. அப்பனும் மகனும் காட்டில் கிடந்தது கிடந்தபடி கிடந்தார்கள். திங்களும் செவ்வாயும் சொல்லி முடித்தபோது எட்டுப் பெண்கள் சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அதில் ஐந்து பேர் படம் பார்த்தவர்கள். முடிவு தெரிந்தவர்கள் மாதிரி யாரும் கேட்கவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் இரண்டு பேர் எங்கெங்கு படுத்தார்கள் என்பது அவ்வளவு துல்லியம். வீட்டுப் பெண்கள் அந்த எட்டு நாளை எப்படித் தள்ளினார்கள் என்பது வருகிறவர் போகிறவர் வாயில் கேட்டுத்தான் தெரிகிறது. போலீஸ் வந்து நின்ற வாசலில் அந்த அம்மா என்ன செய்திருப்பாள் என்று எனக்கு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவை வைத்து இன்னொரு எட்டு நாள் யாராவது எழுதலாம்.

கொங்குப் பக்கத்துப் பெண்களுக்குச் சில சொற்கள் புரியவில்லை. வெஞ்சனம் என்றேன், விழித்தார்கள். தொட்டுக்கொள்ளக் கறி, கூட்டு வைப்போமே அதுதான் என்றதும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்துச் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஓர் அகராதி போட்டார், கரிசல் வட்டாரச் சொற்கள் எல்லாம் அதில் இருக்கும். அவருடைய 'கோபல்ல கிராமம்' நாவலையும் இந்த வருடம்தான் படித்தேன். 1976-இல் வந்தது. தெலுங்கு தேசத்தில் இருந்து தப்பி வந்து கரிசலில் குடியேறிய குடும்பங்களின் கதை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற பழுத்த கிழவி பழைய கதையை எல்லாம் சொல்வார். தொடக்கத்திலேயே ஒரு காட்சி. வழிநடையில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் குனிந்த கர்ப்பிணிப் பெண்ணை, காதில் கிடக்கும் நகைக்காகத் திருடன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துக்கொண்டு செத்துப்போகிறாள், விடவே இல்லை.

எங்கள் ஆச்சிக்குக் காது தோள் வரை தொங்கும். பாம்படம் எல்லாம் எப்போதோ வித்துத் தின்றாயிற்று, வெறுங்காது மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நான் சின்னப்பிள்ளையாக அதில் விரலை விட்டு விளையாடுவேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை. ஆனால் ஒன்று, பாதிக்கு மேல் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே போகிறார். கல்யாண வீட்டுக்கு வந்தவரை வரிசையாகக் கைகாட்டிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. சுவாரசியம்தான். கதை எங்கே போயிற்று என்று இடையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' மெல்லிய புத்தகம். முதல் தடவை படித்தபோது, என்ன இது, ஒன்றுமே நடக்கவில்லையே என்றுதான் நினைத்தேன். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று ஜமுனாவை ஏமாற்றி வைத்திருக்கும் பாஸ்கர் ராவ். அவ்வளவுதான் ஆட்கள். 1973-இல் புத்தகமாக வந்ததாம். இரண்டாம் தடவை நான் அதைப் படித்தது எங்கள் லைன் வீட்டில் நல்ல தண்ணீர் வருகிற நாளில். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், சில சமயம் பத்து. மற்றபடி உப்புத் தண்ணீர். ராத்திரி ஒன்றரைக்கு விடுவார்களா, நாலு மணிக்கு விடுவார்களா என்று தெரியாது. குழாயைத் திறந்து வைத்துக் கீழே சில்வர் குடத்தை வைத்துவிடுவேன். தண்ணீர் வந்தால் குடத்தில் விழுகிற சத்தத்தில் முழிப்பு வந்துவிடும். அதற்குள் தூங்காமல் இருக்கத்தான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

அன்றைக்குப் புரிந்தது. நாவலில் ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. குடம் இடிக்கிறது, வரிசையில் சண்டை வருகிறது, தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள், குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. வாழ்க்கை வெறுத்துப்போய் நிற்கிற ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வீட்டுக் கதையைச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. நோயாளிப் புருஷன், மாமியார், பள்ளிக்கூடம், நடுவில் இந்தத் தண்ணீர். ஆறுதல் என்று ஒரு வார்த்தை இல்லை, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறார். ஜமுனாவுக்கு அது போதுமானதாக இருக்கிறது. எனக்கும் மேஸ்திரி ஏசிய அன்றெல்லாம் அப்படி யாராவது எரிச்சலோடு நாலு வார்த்தை சொன்னால் தேவலை என்று இருக்கும். குடத்தில் தண்ணீர் விழுந்தபோது மணி மூன்றே கால். புத்தகம் முடிய எட்டுப் பக்கம் பாக்கி. முதலில் பிடித்து வைத்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

புதியதில் படித்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-இல் வெளிவந்து சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. இன்ஜினியரிங் படித்த பெண், ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு போனவள், தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். பெரும்பகுதிக் கதை வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களின் கதை. அப்பா, அம்மா, அண்ணன், புருஷன். பேச்சு திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. ஐம்பது பக்கம் குறைத்திருக்கலாம் என்று எங்கள் மேசையில் ஒருத்தி சொன்னாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் லைனில் இருந்து ஒரு பெண்ணுக்காக நான் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் புதிதாக எதுவும் பேசுவதில்லை. அப்படிச் செய்திருந்தால், இப்படிச் சொல்லியிருந்தால் என்று சொன்னதையேதான் சொல்வார்கள். நடுவில் டீ வாங்கி வருவார்கள். இமையத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண் பிழைத்தாளா இல்லையா என்று நான் இங்கே எழுதவில்லை பாருங்கள். இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

'வெக்கை' சொல்லி முடித்த கையோடு தாராபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, "எனக்கும் ஒரு புத்தகம் குடுங்க்கா, நானே படிச்சுப் பாக்கறேன்" என்றாள். பள்ளிக்கூடப் புத்தகம் தவிர எதுவும் தொடாத பிள்ளை. புத்தகத் திருவிழாவில் காசு கொடுத்து வாங்கி நானே இன்னும் பிரிக்காத ஒரு நாவல் பையில் இருந்தது. பழைய நாவலின் புதுப்பதிப்பு. பரவாயில்லை, நீ முதலில் படி என்று கொடுத்தேன். திங்கட்கிழமை வந்தாள். டிபன் பாக்ஸ் திறந்ததும் நாயகி யாரைக் கட்டிக்கொள்கிறாள், யார் செத்துப்போகிறார், யார் அந்தக் காரியத்தைச் செய்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள். ஒரே நாளிலா முடித்தாய் என்றேன். "இல்லீங்க்கா, மொத பதினாறு பக்கம்தான் படிச்சேன். அதுலயே எல்லாம் போட்டிருந்தாங்களே. அதுக்கு மேல எதுக்குன்னு வெச்சுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். முன்னுரை. ஒரு விமர்சகர் எழுதியது. நல்ல கட்டுரைதான், படித்து முடித்தவருக்கு. மூன்றாம் பக்கத்திலேயே சாவைச் சொல்லிவிட்டு, அந்தச் சாவு எதற்குக் குறியீடு என்று ஆறு பக்கம் போகிறது. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. புத்தகத்தில் எது முதலில் இருக்கிறதோ அதை முதலில் படிக்க வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள்? நாவலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நானும் அதே வேலையைச் செய்தவள் ஆகிவிடுவேன். ஒரே ஒரு பதிப்பகத்தின் பழக்கமும் இல்லை இது. என் அலமாரியில் இருக்கும் பழைய நாவல்களின் புதுப்பதிப்புகளில் நாலைந்தில் இதே கதைதான்.

பதிப்பிக்கிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் கேட்கிறேன். அந்தக் கட்டுரையை அப்படியே தூக்கிக் கடைசியில் போட்டுப் பின்னுரை என்று பெயர் வைக்க என்ன செலவாகும்? எழுதியவர் மரியாதைக்கும் குறைவு வராது. நாங்களும் முடித்த சூட்டோடு அதைப் படிப்போம். முன்னால் ஏதாவது வேண்டும் என்றால், வட்டாரச் சொற்களுக்குப் பொருள் ஒரு பக்கம் போடுங்கள். உங்கள் மதிப்புரைப் பக்கத்துக்கும் இந்த விண்ணப்பம் பொருந்தும், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காலைக் காபி வீணாகிப்போனது.

அதுவரை நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். எங்கள் மேசையில் புத்தகம் ஒருத்தி கையில் இருந்து இன்னொருத்தி கைக்குப் போகும்போது, முன்னுரையில் கதை உடைகிற இடம் பார்த்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம். இதற்கு மேல் இப்போது படிக்காதே என்று அர்த்தம். தாராபுரத்துப் பெண்தான் இப்போது ஒட்டுகிறாள். ஒரு புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தாள்.

இப்படிக்கு,
செக்கிங் மேசையில் இருந்து ஒரு வாசகி,
திருப்பூர்.