கிளேட்டனிலிருந்து அப்பாவுக்கு

கிளேட்டன், மெல்பர்ன்,
ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

நான் படிக்கும் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஜான் மொனாஷ், ஒரு ராணுவத் தளபதி. இங்கே நூறு டாலர் நோட்டிலும் அவர் முகம்தான். முந்தாநாள் அன்சாக் தினம், போரில் இறந்த வீரர்களை இங்கே நினைவுகூரும் நாள். போர் நினைவாலயத்தில் விடியுமுன் இருட்டில் அத்தனை கூட்டம், ஒரு பேச்சுச் சத்தமில்லை. அந்த ஆலயம் எழும்பப் பாடுபட்டவர்களில் மொனாஷும் ஒருவர். 1934-இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

பிரஷ்யா என்ற அந்நாளைய ஜெர்மன் நாட்டிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். 1865-இல் இதே ஊரில் பிறந்தார். தொழில் உங்களைப் போல இன்ஜினியர். கான்கிரீட் பாலங்கள் கட்டியவர். பட்டாளம் அவருக்குப் பகுதிநேர வேலைதான். முதல் உலகப் போரில், 1915-இல் துருக்கியின் கலிப்பொலியில் ஒரு பிரிகேடை (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) நடத்தினார், 1918 மே மாதம் பிரான்சில் ஆஸ்திரேலியப் படை முழுவதும் அவர் கைக்கு வந்தது. ஜூலை 4, ஜெர்மானியர் வசமிருந்த ஹேமல் கிராமத்தின் மேல் தாக்குதல். பீரங்கி, டாங்கி, விமானம், காலாட்படை எல்லாம் ஒரே நேரக்கணக்கில் நகர வேண்டும். முன்னேறியவர்களுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் தோட்டா இறக்கினார்கள். 90 நிமிடம் என்று கணக்குப் போட்டார். 93 நிமிடத்தில் முடிந்தது. வெறும் உடம்போடு ஆட்களைத் துப்பாக்கிக்கு முன்னால் தள்ளக்கூடாது, இயந்திரம் முன்னே போகட்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது வேறு. போர் முடிந்து வந்து, விக்டோரியா மாநில மின்வாரியத்தின் தலைவரானார். யாலோர்ன் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலி மாதிரியேதான் அப்பா, ஈரம் மட்டும் இன்னும் அதிகம். சுரங்கம், அனல் மின்நிலையம், நம்ம நெய்வேலி லெகோ அடுப்புக்கரி போலக் கரிக்கட்டி செய்யும் ஆலை. அந்த ஆலைக்கு இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, எந்த நாட்டோடு சண்டை போட்டாரோ அதே நாட்டிலிருந்து! 1924-இல் அங்கிருந்து மெல்பர்னுக்கு மின்சாரம் வந்துவிட்டது. தொழிலாளர்களுக்காகக் கட்டிய அழகான டவுன்ஷிப்பைப் பின்னாளில் அடியிலிருந்த கரிக்காகவே இடித்துவிட்டார்கள். நெய்வேலியில் மந்தாரக்குப்பத்துப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

1931-இல் அவர் இறந்தபோது இரண்டரை லட்சம் பேருக்குமேல் தெருவில் நின்றார்களாம். பிரைட்டன் கல்லறையில் பட்டம், பதவி எதுவும் பொறிக்கவில்லை, பெயர் மட்டும். அது அவர் விருப்பம்.

டிசம்பரில் நீங்கள் வரும்போது யாலோர்ன் பக்கம் போய் வருவோம். பழைய சுரங்க போட்டோ ஆல்பத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்பு மகள்,
கவிதா