கடை வாசலில் ஒரு பள்ளம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், நம் கடைக்கு முன்னால் நடைபாதையை நீளமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை, முடிய இன்னும் சில வாரம் ஆகுமாம். கடை திறந்திருக்கிறதா, எந்தப் பக்கமாக வருவது என்று தினமும் போன் வருகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம். ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் சூடமும் ஊதுபத்தியும் வாங்க வரும் ஓர் அண்ணன் இருக்கிறார். பக்கத்து உடம்புப்பிடி நிலையத்தில் வேலை. கண் தெரியாதவர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் ஜாலான் தெபிங்கில் இருப்பதால் நம் வட்டாரத்தில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் நிறைய. நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைத்தான் அவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி கண்டுபிடிக்கிறார்கள். பள்ளம் அந்த மஞ்சள் கோட்டைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. தடுப்பு என்று இடுப்பு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடாதான். கோல் தரையைத் தடவிக்கொண்டு போகும், அந்த நாடா எப்படித் தட்டுப்படும்? அண்ணனின் ஒரு கால் உள்ளே போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிவு.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அன்றைக்கு அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரைக்குக் கீழே உள்ள நடைவழியில், அரிசி மூட்டையும் வாழையிலைக் கூடையும் அடுக்கி வைத்திருந்தோம். அது காலியாக இருந்திருந்தால் அவர் அந்த வழியாகவே வந்திருப்பார். 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் நடைபாதை என்று சொல்லும்போது கடை முன்னுள்ள அஞ்சடியையும் சேர்த்தே சொல்கிறது. எங்கள் இடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது நடப்பவர்களின் இடம். அன்று மாலையே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டோம், இனி வெளியே வைக்கமாட்டோம். அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டோம்.

அப்புறம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து விசாரித்தோம். தெருவைத் தோண்டுகிறவருக்குத் தன் ஆட்களை மட்டும் காப்பாற்றினால் போதாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994, பிரிவு 17 இதைச் சொல்கிறது: தன்னிடம் வேலை செய்யாதவர்களுக்கும் தன் வேலையால் ஆபத்து வராமல் ஒரு முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் போகிறவர், கடைக்கு வருகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். மீறினால் முன்பு அதிகபட்சம் 50,000 வெள்ளி அபராதம். 2024 ஜூன் 1 முதல் அது 500,000 வெள்ளி, இரண்டாண்டுவரை சிறையும் உண்டு. ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிற காசு. அடிபட்டவருக்கு நட்ட ஈடு வேண்டுமென்றால் கவனக்குறைவு என்று தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும்.

பார்க்காமல் நடந்தது அவர் தப்புதானே என்று குழாய் வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு எங்களுக்கு வயிறு எரிந்தது. இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் 1964லேயே பதில் சொல்லியாகிவிட்டது. லண்டனில் மின்சார வாரியம் நடைபாதையைத் தோண்டி, தடுப்பாக ஒரு நீளக் கைப்பிடிச் சுத்தியலைச் சாய்த்து வைத்திருந்தது. ஒரு முனை தரையில், மறுமுனை இரண்டடி உயரத்தில் வேலிக் கம்பியில். கண் தெரியாத ஒருவரின் கோலுக்கு அது அகப்படவில்லை. தடுக்கி விழுந்தார், அதோடு காதும் கேட்காமல் போயிற்று. கண் தெரியாதவர்களும் நடைபாதையில் நடப்பார்கள் என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான், அவர்களையும் நினைத்தே தடுப்பு வைக்க வேண்டும் என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்கிலாந்துத் தீர்ப்புகளை இங்கே எடுத்துக்காட்டி வாதாடுவது வழக்கம்தான். நம் நாட்டிலும் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 இருக்கிறது, பொது இடங்களைப் பயன்படுத்த மற்றவர்களுக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு என்கிறது.

எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது வேறு. அண்ணனைத் தூக்கி கிளினிக்குக்கு அனுப்பும் பரபரப்பில் நாங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. மதியத்துக்குள் லாரியில் தடுப்புகள் வந்து இறங்கின. நான்கு மணிக்குப் பார்த்தால் பள்ளத்தைச் சுற்றி அடிவரை மூடிய தடுப்பு, ஆரஞ்சு எச்சரிக்கைப் பலகை, ராத்திரிக்கு விளக்கு. காலையில் நாடா மட்டும்தான் இருந்தது என்று இப்போது எதைக் காட்டிச் சொல்வது? அதனால் உங்களில் யாருக்காவது எங்கேயாவது இப்படி நடந்தால், அடிபட்டவரைக் கவனித்த கையோடு கூட இருப்பவர் படம் எடுத்துவிடுங்கள். பள்ளம், தடுப்பு, எச்சரிக்கைப் பலகை இருக்கிறதோ இல்லையோ அதுவும். முக்கியமாக, வேலைத் தளத்தில் குத்தகையாளர் பெயரும் வேலை கொடுத்தவர் பெயரும் எழுதிய அறிவிப்புப் பலகை இருந்தால் அதை. யார்மேல் வழக்கு என்பதே அதிலிருந்துதான் தெரியும். அன்றைக்கே போலீஸ் புகார் செய்யுங்கள், மருத்துவச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலை முடிந்து திரும்பும் வழியில் விழுந்திருந்தால் முதலாளியிடமும் சொல்லுங்கள், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவில் அதற்கு இடமிருக்கிறது.

தள்ளிப் போடவும் கூடாது. குத்தகையாளர் தனியார் என்றால் வழக்குத் தொடுக்க 6 ஆண்டு இருக்கிறது. மாநகர் மன்றம் போன்ற அரசுத் தரப்பு என்றால் 36 மாதம்தான். குத்தகையாளரோடு பேசிப் பேசியே மூன்று வருடம் ஓடிவிட்டால் ஒரு கதவு மூடிவிடும். அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால், 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி நீதிமன்றம் நட்ட ஈட்டில் அந்த அளவைக் குறைக்கும். போனைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் ஏறுகிற தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள்.

சரி, கடைக்கு வரும் வழி. முன்பக்கப் பலகை மழையில் வழுக்குகிறது, அதன்மேல் ஏற வேண்டாம். பின் சந்தில் உள்ள எங்கள் கிடங்குக் கதவைக் காலை ஆறரை மணிக்கே திறந்து வைக்கிறோம். உள்ளே விளக்குப் போட்டு, படியில் கைப்பிடியும் அடித்திருக்கிறோம். பெரியவர்களும் வெள்ளைக் கோலோடு வருபவர்களும் முனையில் நின்று ஒரு போன் செய்தால் பையன் வந்து அழைத்து வருவான். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே சாமான் பட்டியலை அனுப்பலாம். நடக்கும் தூரமென்றால் கூலி இல்லாமல் கொண்டுவந்து தருகிறோம்.

உடம்புப்பிடி நிலைய அண்ணனுக்கு இந்த வெள்ளிக்கிழமை சூடத்தை நாங்களே எடுத்துப் போகிறோம். அவரைத் தெரிந்தவர்கள் ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தால் வியாழன் மாலைக்குள் கடையில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தார்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்