வண்டி விலை இறங்கும், பாகங்களின் விலை இறங்காது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். ஒன்று 2009 பிஎம்டபிள்யூ எம்3, மற்றது 2003 போர்ஷே 911 கரேரா. ஓட்ட இரண்டுமே அருமையான வண்டிகள். ஆனால் இத்தனை வருஷத்தில் வண்டியின் விலைதான் சரிந்திருக்கிறது. பிரேக் டிஸ்க், கிளட்ச், சென்சார் எல்லாம் இன்னும் விலை உயர்ந்த காருக்கான விலையில்தான் வரும். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே. கால் பங்கையாவது முதல் வருஷப் பராமரிப்புக்கு ஒதுக்கி வை.

முதலில் எம்3. அதன் எஸ்65 என்ஜின் 4 லிட்டர் வி8, 8,000 ஆர்பிஎம்முக்கு மேலும் சுற்றும். அதன் பலவீனம் கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனின் ராட் சுழலும் கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள மெல்லிய உலோக ஓடு. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி மிகக் குறைவு, ஊற்றும் ஆயிலோ 10டபிள்யூ-60, கெட்டியானது. குளிர்ந்த என்ஜினை விரட்டினால் பேரிங்குக்கு ஆயில் சரியாகப் போய்ச் சேராமல் உலோகம் உலோகத்தில் உரசும். வெளியே சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசு. இதற்கு என்ஜினை இறக்க வேண்டியதில்லை. மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சப்ஃபிரேமை (என்ஜினுக்குக் கீழே உள்ள சட்டம்) இறக்கி, ஆயில் சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றிச் செய்கிற வேலை. 16 பேரிங் ஓடுகளோடு ராட் போல்ட்டுகளும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை இழுபட்ட போல்ட்டை மறுபடி முறுக்கக் கூடாது. இதே என்ஜினில் த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் (காற்று வழியைத் திறந்து மூடும் மோட்டார்கள்) இரண்டு உண்டு. உள்ளே பற்சக்கரம் தேய்ந்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தொல்லைதான், என்ஜினுக்கு ஆபத்தில்லை.

911-இல் எல்லோரும் பயமுறுத்துவது ஐஎம்எஸ் பேரிங்கைச் சொல்லித்தான். ஐஎம்எஸ் என்பது கிராங்குக்கும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கும் நடுவே உள்ள இடை ஷாஃப்ட். 2003 வண்டியில் இருப்பது ஒற்றை வரிசைப் பேரிங், ஐஎம்எஸ் பேரிங் வகைகளில் பலவீனமானது இதுதான். அது உடைந்தால் வால்வு திறந்து மூடும் நேரம் (டைமிங்) தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜினே போய்விடலாம். ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிட்டால் கூலி ஒன்றுதான். (2009-க்குப் பிந்தைய கரேரா என்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது.) எனக்கு இதைவிடப் பெரிய கவலை சிலிண்டர் சுவரில் விழும் கீறல். சூடான பிறகு ஐடிலில் டிக்டிக் சத்தம், ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி படிந்திருப்பது, ஆயில் சீக்கிரம் குறைவது, இந்த மூன்றும்தான் அறிகுறி. போரஸ்கோப்பை (என்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் பார்த்தால் போதாது, சம்பைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்.

கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எழும் அழுத்தத்தை அளப்பது) செய்தோம் என்று சொல்வார்கள். லீக்-டவுன் டெஸ்டும் கேள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை அடைத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது அது. 10-க்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்: ஆயில் மூடியில் என்றால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர், புகைக்குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஸ்கேனரில் பழுது ஏதும் இல்லை என்று காட்டினால் உடனே சந்தோஷப்படாதே. ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடியாமல் கிடந்தால் யாரோ சமீபத்தில் பழுதுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கிலோமீட்டர் குறைவு என்பதிலும் மயங்காதே. வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியில் சீல்கள் காய்ந்திருக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். அதைவிட அதிகம் ஓடி, ஆயில் மாற்றிய பில்களை அடுக்கி வைத்திருக்கும் வண்டியே மேல்.

ஓடும் செலவில் எம்3-க்கு ஒருமுறை ஆயில் மாற்ற ஏறக்குறைய 9 லிட்டர் வேண்டும். முன் டயர் அகலம் 245, பின்னது 265; முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட வழியில்லை. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் உள்ளதில் பாதியாக வைத்துக்கொள். ஒவ்வொரு முறையும் சிறிது ஆயிலை லேபுக்கு அனுப்பு. ஈயமும் செம்பும் ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறினால் பேரிங் தேய்கிறது என்று பொருள்.

என் ஓட்டு பேரிங் மாற்றிய எம்3-க்குத்தான். பார்க்கப் போகும் நாளில் நீ வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வை. போனதும் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரியும் குறையை மறைத்திருக்கலாம்; இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடு. பில்களின் படங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா