பேஸ் வாங்க வேண்டாம் அம்மிணி, ஃபிரெட் வயர் வாங்கிட்டு வா

அம்மிணி, நல்லா இருக்கியா. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதா சொல்லு.

போன்ல நீ சொன்னதுக்கு "பாக்கலாம் கண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டு அம்மாகிட்ட குடுத்துட்டேன், போன்ல இதெல்லாம் பேசினா கோர்வையா வராது, அதான் எழுதறேன். அப்பாவுக்கு எழுபது முடியுது, நல்ல ஃபெண்டர் பேஸ் கிட்டார் ஒண்ணு வாங்கித் தந்தரலாம், இனி அந்த மரத்தூள்லயும் தின்னர் வாசத்துலயும் உக்காந்து கஷ்டப்பட வேண்டாம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க. மனசு நெறஞ்சு போச்சு, நெசமாத்தான் சொல்றேன். ஆனா வேண்டாம் சாமி. அந்தக் காசுல நான் கேக்கறதை வாங்கிட்டு வா, கீழ எழுதிருக்கேன். ஏன் வேண்டாங்கறேன்னு மட்டும் பொறுமையா படிச்சிரு.

ஃபெண்டர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. 1951ல லியோ ஃபெண்டர் அந்த பிரெசிஷன் பேஸைக் கொண்டு வரலேன்னா நானெல்லாம் பேஸ் பக்கமே வந்திருக்க மாட்டேன், அதுக்கு முன்னாடி பேஸ்னா ஆள் உயரத்துக்கு நிக்கற டபுள் பேஸ்தான், அதைத் தூக்கிட்டு ஊர் ஊரா போறதும் கஷ்டம், டிரம்ஸும் ட்ரம்பெட்டும் சேந்துட்டா அது கேக்கறதும் கஷ்டம். அந்த மனுசன் கலிஃபோர்னியால ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது, வாசிக்கறவங்களைக் கேட்டுக் கேட்டே செஞ்சார். அவர் வெச்ச 34 இன்ச் கம்பி நீளம்தான் இன்னிக்கு வரைக்கும் பாதிக்கு மேல பேஸ்ல இருக்குது.

அந்த 34 இன்ச்தான் இப்ப என் கைக்கு ஆகறதில்ல. ஃபிரெட்டுன்னா விரல் பலகைல குறுக்கால பதிக்கற மெட்டு, ஒண்ணாவது ஃபிரெட்ல ஆள்காட்டி விரலை வெச்சு நாலாவது ஃபிரெட்ல சுண்டு விரலை வெக்கோணும்னா 130 மில்லி விரியோணும். முன்னெல்லாம் அது ஒரு விசயமே இல்ல, இப்ப காலைல எந்திரிச்சா சுண்டு விரல் மூட்டு மடங்கவே சித்த நேரம் ஆகுது, நீவி விட்டு சுடுதண்ணில வெச்சப்பறம்தான் வழிக்கு வருது. அதே இடம் 30 இன்ச் பேஸ்ல 114 மில்லிதான். ஒண்ணரை சென்டிமீட்டர் வித்தியாசம், உனக்கு கேக்க சின்னதா இருக்கும், என் விரலுக்கு அதுதான் வாசிக்கறதுக்கும் வாசிக்காம இருக்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரம். பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல வாங்கின ஹாஃப்னர் வயலின் பேஸ் கூட 30 இன்ச்தான் கண்ணு, 1972ல திருடு போயி 50 வருசம் கழிச்சு திரும்பக் கிடைச்சுதே அதே பேஸ், அவர் என்னைவிட எவ்வளவோ மூத்தவர், இன்னும் அந்த மாதிரி பேஸைத்தான் தோள்ல மாட்டிட்டு மேடைல நிக்கறார். நான் இப்ப செஞ்சுட்டு இருக்கறதும் 30 இன்ச். என் கைக்கு, என் தோளுக்கு, என் மடிக்கு அளவெடுத்து செய்யறது, இதைக் கடைல எப்படி வாங்குவ?

உடம்புக்கு மலைவேம்பு போட்டிருக்கேன், பிளைவுட்டுக்கு போற மரம்தான், லேசா இருக்கும், பழைய பேஸ் நாலு கிலோவுக்கு மேல, ஒரு மணி நேரம் நின்னு வாசிச்சா இடது தோள் இறங்கிப் போகும். நெக்குக்கு, அதான் விரல் வெச்சு வாசிக்கற கழுத்துக்கு, லேசான மரம் ஆகாது. நாலு கம்பியும் சேந்து அறுபது கிலோ பக்கம் இழுக்கும் அம்மிணி, ராத்திரி பகல் இழுத்துட்டே இருக்கும், அதனால உக்கடத்துல பழைய சாமான் கடைல எந்த வீட்டையோ இடிச்ச தேக்கு உத்தரம் கெடச்சுது, அதை ரேகை நேரா நிக்கற மாதிரி அறுத்து மூணு துண்டா ஒட்டி செஞ்சேன். தேக்குல எண்ணெய் இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் போட்டு நல்லா தொடைச்சுட்டு ஒடனே ஒட்டிரோணும், அப்பதான் அரால்டைட் பிடிக்கும், நீ சொல்ற அந்த தின்னர் வாசம் இதுக்குத்தான். நெக் வளையாம இருக்க உள்ள ஓடற கம்பி, டிரஸ் ராடு, நம்ம கணபதி லேத் பட்டறைலயே மரை போட்டு வாங்கிட்டேன்.

விரல் பலகை என்ன மரம்னு சொன்னா நீ சந்தோசப்படுவ. தாத்தாவோட ஈட்டி கட்டில் ஒடஞ்சு தாவாரத்துல சாத்தி வெச்சிருந்துதல்ல, அதோட பக்கவாட்டு சட்டம். ஈட்டி மரத்தை நம்ம பட்டா நிலத்துல நின்னாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1994லயே சட்டம் கொண்டு வந்தாங்க, அது நல்ல சட்டம்தான். அமெரிக்கால மார்ட்டின் கம்பெனி 1969ல பிரேசில் மரத்தை விட்டுட்டு நம்ம நாட்டு ஈட்டிக்கு மாறினதுல இருந்து உலகத்துல எத்தனையோ கிட்டார் இந்த மரத்தை நம்பித்தான் இருந்துது, மரம் எவ்வளவு போயிருக்கும் பாரு. நம்ம வீட்டு சட்டத்தை இழைப்புளி போட்டு ஒரு இழை எடுத்ததும் மேல இருந்த கருப்பு அழுக்கு போயி ஊதாவும் காப்பியும் கலந்த நிறத்துல ரேகை வந்துச்சு, ஒரு இனிப்பு வாசம் வேற. அம்மாவைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொன்னேன்.

ஃபிரெட் போடற கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. மொத்த நீளத்தை 17.817ஆல வகுத்தா முதல் ஃபிரெட் எங்கன்னு தெரியும், மீதி இருக்கற நீளத்தை திரும்ப அதே எண்ணால வகுத்தா ரெண்டாவது, இப்படியே போனா பன்னண்டாவது ஃபிரெட் சரியா பாதில வந்து நிக்கும், நின்னாத்தான் கணக்கு சரி. ஃபவுண்டரில பேட்டர்ன் ஷாப்புல இருந்தப்ப காஸ்ட் அயர்ன் ஆறும்போது மீட்டருக்கு 10 மில்லி சுருங்கும்னு அளவைக் கூட்டிக் கூட்டி மரத்துல செஞ்ச கைக்கு இதுல ஒரு தனி சொகம். தஞ்சாவூர்ல வீணை செய்யறவங்க மெழுகுல மெட்டு பதிச்சு, அதை மேளம் கட்டறதும்பாங்க, காதால கேட்டுக் கேட்டு மெட்டை நகர்த்தி வெப்பாங்க, அது ஒரு பெரிய வித்தை. பேஸ்ல காடி அறுத்து ஃபிரெட்டை அடிச்சு இறக்கிட்டா அவ்வளவுதான், அப்பறம் நகராது, அதனால அறுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்கேலை வெச்சு கத்தி முனையால கீறி, மறுநாள் காலைல வெளிச்சத்துல இன்னொருக்கா அளந்துட்டுத்தான் ரம்பத்தை எடுக்கறேன்.

கம்பி அதிர்றதை கரண்டா மாத்தற காயில், அந்த பிக்கப்பையும் நானே சுத்திட்டேன் கண்ணு. அமெரிக்காக்காரங்க 42 கேஜ் கம்பிம்பாங்க, அதை நம்பி இங்க வந்து 42 கேட்டா பிரிட்டிஷ் கேஜ்ல 0.1 மில்லி கம்பியைக் குடுத்துருவாங்க, அது தடி, நமக்கு வேண்டியது 0.06 மில்லி, இங்க 46னு கேட்டு வாங்கோணும். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊரு, கம்பிக்குப் பஞ்சமில்ல. தலைமுடியை விட மெல்லிசு, ஒரு காயிலுக்கு 10,000 சுத்து பக்கம், அம்மா தையல் மெஷின் மோட்டாரை மாட்டி, விரல் நடுவுல பட்டும் படாம பிடிச்சு ஓட விடோணும், மூச்சை இழுத்து விட்டாக்கூட அறுந்துரும்னு தோணும். ஒரு காயில் பத்தாது, ரெண்டு. 1957ல ஃபெண்டர் செஞ்ச ஏற்பாடு அது, ரெண்டு காயிலையும் எதிர் எதிரா சுத்தி காந்தத்தையும் திருப்பி வெச்சுட்டா கரண்டோட இரைச்சல் ஒண்ணுக்கு ஒண்ணு அடிபட்டுப் போகும், கம்பியோட சத்தம் மட்டும் நிக்கும். நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம கரண்ட் 50 சைக்கிள், பேஸ்ல தடிக் கம்பில மூணாவது ஃபிரெட் ஜி சுருதி 49, அந்த இரைச்சல் நேரா ஜி மேல வந்து உக்காந்து சுருதியைக் கலங்க அடிக்கும். உங்க டொராண்டோல 60 சைக்கிள், அது ரெண்டு சுருதிக்கு நடுவுல விழும்.

சரி, வாசிக்கறதைப் பத்தி. சனிக்கிழமை பொழுதோட நாங்க நாலு பேரு மொட்டை மாடி ரூம்ல உக்காந்துக்கறோம், கீபோர்டு வாசிக்கறவர் மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவர், தபேலாக்காரர் எனக்கு கோயில் நோம்பி காலத்துல இருந்தே கூட்டாளி, உனக்கும் தெரியும். மத்தியானத்துக்கு மேல எனக்கு இருப்பு கொள்ளாது. ராஜா சார் பாட்டுதான் பாதி, சசிதரன் வாசிச்ச அந்த பேஸ் எல்லாம் எத்தனை வருசம் கேட்டாலும் புதுசா ஒண்ணு அதுல இருக்குது, பாடறவங்க ஒரு மெட்டுல போயிட்டு இருப்பாங்க, அடில பேஸ் தனியா இன்னொரு மெட்டு பாடிட்டுப் போகும், ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிக்காது. அதை இப்பத்தான் நான் சரியா வாசிக்கறேன்னு நெனைக்கறேன். சின்ன வயசுல எந்த நோட்டை எப்ப அடிக்கறதுன்னே குறியா இருந்தேன், எப்ப விரலை எடுக்கறதுங்கறது இப்பத்தான் கைக்கு வந்திருக்கு, தபேலா அடி விழறதுக்கு முடி அளவு முன்னாடி நோட்டை நிறுத்தினா அந்த அடி எவ்வளவு தெளிவா விழுது தெரியுமா, நம்ம தபேலாக்காரர் தலையை ஆட்டுவார், அதுக்காகவே வாரம் பூரா காத்திருக்கலாம்.

காது டெஸ்ட் எடுத்ததை அம்மா சொல்லியிருப்பா. மேல் ஸ்தாயி எனக்கு குறைஞ்சு போச்சு, ஜால்ரா, சிம்பல் எல்லாம் மங்கலாத்தான் கேக்குது, வயசானா மேலதான் முதல்ல போகுமாம். கீழ் ஸ்தாயிக்கு ஒண்ணும் ஆகல, அது காதோட நிக்கறதில்ல, மார்லயும் தொடைலயும் வந்து தொடும். வலது கைக்கு இப்ப ஆள்காட்டி விரல் ஒண்ணுதான் நல்லா ஓடுது, அதுக்கும் நான் கவலைப்படல, அமெரிக்கால மோடவுன் ரெக்கார்டு கம்பெனி பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் காலம் பூரா அந்த ஒரு விரல்லதான் வாசிச்சார். நல்லா முடியும்.

மரத்தூளுக்கு நீ பயப்படறது நியாயம், ஈட்டித் தூள் சிலருக்கு தோலுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. வாயையும் மூக்கையும் மூடற நல்ல மாஸ்க் போட்டுக்கறேன், அறுக்கறது இழைக்கறது எல்லாம் தாவாரத்துக்கு வெளியதான், சாயங்காலம் குளிச்சுட்டுத்தான் உள்ள வர்றேன், நம்பலேன்னா அம்மாவைக் கேளு. அங்கயே வந்து தங்கிருங்கன்னு ஒவ்வொரு போன்லயும் சொல்றியே, ஒரு வெயில் காலம் வந்துட்டுப் போறோம், அது உறுதி. மொத்தமா வர முடியாது கண்ணு, எனக்கு என் வேலை மேஜையும் சனிக்கிழமையும் வேணும், அம்மாவுக்கு அவ அக்கா தங்கச்சி வேணும்.

இப்ப வாங்கிட்டு வர வேண்டியது. நிக்கல் சில்வர் ஃபிரெட் வயர், மீடியம் சைஸ், ரெண்டு பேஸுக்கு ஆகற அளவு, சுருளா இல்லாம நேர் துண்டா கேளு, இங்க எனக்கு வர்றதுல ஒரு துண்டுக்கும் இன்னொண்ணுக்கும் உயரம் மாறுது. அப்பறம் ஃபிளாட்வவுண்ட் கம்பி, ஷார்ட் ஸ்கேல்னு அட்டைல போட்டிருக்கோணும், ரெண்டு செட், கொஞ்சம் தடிச்சதா பாரு, ஏன்னா 30 இன்ச்ல அதே கம்பியைப் போட்டா இழுவிசை 22 சதவீதம் குறைஞ்சு தொளதொளன்னு ஆயிரும். மேல் பக்கம் வழவழன்னு இருக்கற கம்பி அது, என் விரலுக்கு அதுதான் சொகம். முறுக்காணி நாலு நாலா எட்டு, லேசான மாடல். பிரிட்ஜ் வேண்டாம், பித்தளைல வார்த்து ஃபைல் போட்டு முடிச்சுட்டேன்.

எதுக்கு ரெண்டு ரெண்டுன்னு கேப்ப. இன்னொண்ணு பேரனுக்கு. உங்க ஊர்ல பனிக்காலத்துல ஹீட்டர் போட்டு வீடு காஞ்சு போயிருக்கும், விரல் பலகை சுருங்கி ஃபிரெட்டோட நுனி ஓரத்துல நீட்டிட்டு கையைக் குத்தும், அதனால அவனுக்கு செய்யறதுல நுனியை உள்ள தள்ளி வெட்டி காடி ஓரத்தை அடைச்சுடப் போறேன். மரத்தை பீரோ மேல போட்டு ஆற விட்டிருக்கேன். ஈட்டி இருக்கறதால எடுத்துட்டுப் போக தடை இருக்குமோன்னு நெனைக்காத, 2017ல உலகம் பூரா கட்டுப்பாடு வந்துது, 2019ல செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு விலக்கு குடுத்துட்டாங்க.

நெக்கோட தடிமன் எவ்வளவு வெக்கறதுன்னு முடிவு பண்ணோணும், அதுக்கு அவனோட இடது கையை விரல் விரிச்சு ஒரு பேப்பர்ல வெக்கச் சொல்லி சுத்தி பென்சில்ல வரைஞ்சு, பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பி விடு.

அப்பா