மருந்துவாழ் மலை ஏறிவிட்டு அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வைத்தியம் பார்க்கிற ஆசான் கொடுத்த எண்ணெயைத் தவறாமல் தேய்க்கிறார். போனில் என்றால் குட்டி இடையில் புகுந்துவிடுவாள், நீயும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

போன வாரம் நான் மருந்துவாழ் மலை ஏறினேன் மக்களே. உச்சி வரைக்கும். உன் மாமியும் வந்தார். வழி காட்ட மாமி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டோம். காலேஜில் ஜியாலஜி படிக்கிறானே, அவன்தான்.

இந்த வயதில் இது எதற்கு என்று அப்பா கேட்டார். உன்னால்தான். டென்வருக்குப் போனதிலிருந்து லீவு நாள் வந்தாலே மலைக்குப் போகிறேன் என்கிறாய். பாறை விளிம்பில் நின்று போட்டோ அனுப்புகிறாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. போகாதே என்று சொல்ல வாய் வரை வரும். அப்படிச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பிள்ளை அங்கே ஏறி என்னத்தைத்தான் பார்க்கிறான் என்று நானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நமக்கும் ஒரு மலை கண்ணெதிரிலேயே நிற்கிறதே. கார்த்திகைக்கு உச்சியில் தீபம் எரியும்போது மொட்டைமாடியில் நின்று கும்பிடுவதோடு சரி, மேலே போனதே இல்லை.

விடிவதற்கு முன்னாலேயே பொற்றையடி போய்ச் சேர்ந்துவிட்டோம். உன் தங்கச்சியின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். சேலையோடு ஏறியிருந்தால் அந்தக் காற்றில் பாடாய்ப் பட்டிருப்பேன். பையில் புளிச்சோறு, மட்டிப்பழம், ஆளுக்கு இரண்டு குப்பி தண்ணீர், ஒரு துண்டு கருப்பட்டி. அடிவாரத்தில் படிக்கட்டு இருக்கிறது, நடுவில் சின்னச் சின்னக் கோயில்கள். அதுவரைக்கும் மாமி கதை பேசிக்கொண்டேதான் வந்தார். படி முடிந்து பாறை தொடங்கியதும் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

பாறையில் நடப்பது நம் வீட்டுப் படி ஏறுவது மாதிரி இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பயத்தில் கால்விரல் நுனியை ஊன்றி ஊன்றி ஏறினேன். பையன் நின்று சொல்லிக்கொடுத்தான்: "ஆச்சி, உள்ளங்கால் முழுசையும் பாறையில வைங்க. குனியாதீங்க, நிமிர்ந்து நில்லுங்க. கால் தன்னால பிடிச்சுக்கும்." அதே மாதிரி வைத்தேன், பிடித்துக்கொண்டது. சருகு கிடக்கிற இடத்திலும் பொடிக்கல் கிடக்கிற இடத்திலும்தான் வழுக்குகிறது, வெறும் பாறை நம்மைத் தாங்குகிறது. அவன் காலை எடுத்த இடத்தில் நான் வைத்தேன், நான் எடுத்த இடத்தில் மாமி வைத்தார். ஒரு மணி நேரம் வேறு எதையும் நினைக்காமல் அடுத்த அடியை மட்டும் நினைத்து நடந்தேன். கரண்ட் பில், உன் தங்கச்சி வரன், அப்பாவின் மருந்து எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. நீ ஏன் வாராவாரம் போகிறாய் என்பது எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

பாதி வழியில் களைத்து உட்கார்ந்தபோது மாமியின் குப்பி சரிந்து தண்ணீர் பாறையில் கொட்டியது. நனைந்த இடத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. கடுகளவில் நிறைய, மிளகளவில் ஒன்றிரண்டு. விரலால் தடவினால் மற்ற இடத்தைவிடச் சொரசொரப்பாக இருந்தது. பையன் ஓடிவந்து பார்த்துவிட்டு, கார்னெட் என்றான். கன்னியாகுமரிக் கடற்கரையில் பாக்கெட் போட்டு விற்பார்களே சிவப்பு மணல், அது இந்தக் கல்தானாம். நம் மாவட்டத்துப் பாறைகளில் இது கலந்து கிடக்கிறது. மழையிலும் வெயிலிலும் பாறை உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை லேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. கறுப்பாகக் கிடக்கிற இல்மனைட் மணலும் அப்படி வந்ததுதான். மணவாளக்குறிச்சியில் அதைத்தான் பிரித்து எடுக்கிறார்கள். கன்னியாகுமரி அம்மனுக்குக் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் விட்ட அரிசியும் பருப்பும்தான் அந்த மணல் என்று என் ஆச்சி எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொன்னேன். குட்டிக்கு நீ இரண்டையும் சொல்லிக்கொடு.

வழியெல்லாம் நொச்சியும் ஆவாரையும் நிற்கின்றன. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் இந்த மலை என்கிற கதை உனக்குத் தெரிந்ததுதானே.

அதற்கும் மேலே பிள்ளைத்தடம் குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நாராயண குரு வாலிபத்தில் இங்கே வந்து தவம் இருந்தார். பிறகு 1888இல் அருவிப்புரத்தில் ஆற்றிலிருந்து கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அவரைப் போல ஈழவர் சாதியில் பிறந்தவர் பிரதிஷ்டை செய்யக்கூடாது என்று இருந்த காலம் அது. உள்ளே உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பு. கும்பிட வருகிறவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னவர் அவர். தலையில் துணி கட்டக்கூடாது, இடுப்பில் தண்ணீர்க்குடம் எடுக்கக்கூடாது, பெண்கள் மேல்சீலை போடக்கூடாது என்று நம் ஆட்களை வைத்திருந்தார்கள் மக்களே. மேல்சீலைக்குத் திருவிதாங்கூர் ராஜா உத்தரவு கொடுத்தது 1859இல். உன் பாட்டியின் பாட்டி காலம் என்று வைத்துக்கொள். அந்தப் பெண்கள் குனிந்து நடந்த வயல்வரப்பு எல்லாம் இந்த மலையிலிருந்து தெரிகிறது. குகைக்குள் இருந்து வெளியே வந்ததும் நான் முதலில் தேடியது சாமித்தோப்புப் பக்கத்தைத்தான். உன் வீட்டில் தமிழ் பேசி வளரும் குட்டிக்கு இந்த விஷயம் தெரியாமல் போய்விடக்கூடாது.

உச்சிக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. அனுமன் சாமி நிற்கிறார். அங்கே நின்று நான் சுற்றிப் பார்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

கிழக்கேயும் கடல், தெற்கேயும் கடல், மேற்கேயும் கடல். தெற்கே தென்னந்தோப்புக்கு அப்பால் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும். 133 அடிச் சிலை, அங்கிருந்து பார்த்தால் சுண்டுவிரல் நகம் உயரம்கூட இல்லை. இரண்டையும் சேர்த்து 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தார்களே, அதைக் கண்டுபிடிக்க என் கண்ணுக்கு வலு இல்லை, பையன்தான் காட்டினான். மேற்கே சுசீந்திரம் கோபுரம், தேரூர்க் குளம், அப்புறம் பழையாறு வளைந்து வளைந்து மணக்குடிக் காயலுக்குப் போவது. உப்பளங்கள் பாத்தி பாத்தியாக மின்னின. சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போனதே, அந்த இடத்தையும் பார்த்தேன். இப்போது பார்க்க அவ்வளவு சாதுவாகக் கிடக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது வயல்தான். மாசி மாதம் இல்லையா, கும்பப்பூ நெல் அறுப்புக்கு நிற்கிறது. மஞ்சள் பூத்த வயல், அதற்கு நடுநடுவே குளம், ஒரு குளத்துக்கும் இன்னொரு குளத்துக்கும் நடுவே கால்வாய். கீழே நடக்கும்போது ஒரு குளம் ஒரு குளமாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் எல்லாம் ஒரே தண்ணீர் என்று தெரிகிறது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் அத்தனை தூரம் தாண்டி இங்கே வந்து நெல்லாகி நிற்கிறது. நடுவில் வயலை மூடி பிளாட் போட்ட இடங்களும் தெரிந்தன, செம்மண் வெட்டவெளியாக. ஒரு வாய்க்கால் அப்படி ஒரு பிளாட்டில் போய் முட்டி நிற்கிறது. அதைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. தாத்தா வயலைக் கொடுத்துவிடலாமா என்று போன தடவை நீ கேட்டாயே. எனக்கு அதில் விருப்பம் இல்லை. நீ வந்து மேலே நின்று ஒரு தடவை பார், அப்புறம் பேசுவோம்.

வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்றாலைகள், அதற்குப் பின்னால் மலை வரிசை. அதில் மகேந்திரகிரியைப் பையன் காட்டினான், 1650 மீட்டருக்குச் சற்றுக் கூட உயரமாம். உன் டென்வர் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு 1600 மீட்டர் என்றான். நாங்கள் அண்ணாந்து பார்க்கிற மகேந்திரகிரி உயரத்தில் நீ சட்டி பானை வைத்துக் குடும்பம் நடத்துகிறாய்! அதற்கும் மேலே ஏறித்தான் அந்தப் போட்டோ எல்லாம் எடுக்கிறாய். மூச்சு வாங்குகிறது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று நீ சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறது.

இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது நெஞ்சு வலிக்கிறது, இறங்கும்போது முட்டு. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகு அடுத்ததை எடுத்தோம். இரண்டு இடத்தில் நான் வெட்கப்படாமல் உட்கார்ந்து நகர்ந்தேன். புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது, மட்டிப்பழமும் கருப்பட்டியும்தான் மத்தியானச் சாப்பாடு. மேலே எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் குப்பி. மருந்து வாழ்கிற மலையில் இதைப் போட எப்படி மனசு வருகிறதோ. எங்களால் முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ மலைக்குப் போ. வேண்டாம் என்று இனி சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் போய்விடவில்லை, அது போகாது. ஆனால் நீ பார்ப்பதில் கொஞ்சத்தை நானும் பார்த்துவிட்டேன், அதை விடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

தனியாகப் போகாதே. எந்த வழி, எப்போது திரும்புவாய் என்று மருமகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அங்கே கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதற்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கூட வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று இழுத்தாலும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதே. இறங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போடு. உனக்கு மத்தியானம் என்றால் எனக்கு நடுராத்திரி, பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன்.

லீவு எடுப்பதை தை, மாசியில் எடு. ஆனி, ஆடியில் அந்த உச்சியில் காற்று ஆளை நிற்கவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, பாறை வழுக்கும். குட்டியைப் படிக்கட்டு முடிகிற வரைக்கும் கூட்டிப் போவோம், அதற்கு மேல் அவள் சொல்கிறபடி. அப்பா அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார்.

வரும்போது எனக்குப் பாறையில் பிடிக்கிற மாதிரி ஒரு ஷூ வாங்கிவா. மாமிக்கும் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான், பாதத்தைப் பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். விலை கூடுதலாக இருந்தால் மாமிக்கு மட்டும் வாங்கு, அவர் இப்போதே தாடகை மலைக்கும் போக வேண்டும் என்று நச்சரிக்கிறார்.

அன்புடன்,
அம்மா