பாம்பன் வலைக் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2025 மே மாதத்தில், விசைப்படகுகள் கரையில் கிடந்த மீன்பிடித் தடைக்காலத்தில், இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையில் நான் காட்டிய 22 நிமிடப் படத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கும், அது உருவாகக் கைகொடுத்தவர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன்.

2021 முதல் 2024 வரை பாம்பனிலிருந்து இராமநாதபுரத்துக்குப் படிக்கப் போய்வந்த நாட்களைப் பற்றிய படத்தில் கல்லூரியையே காணோம் என்று பலர் குறைபட்டீர்கள். வளாகத்துக்குள் படமெடுக்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. ‘சோதனை முயற்சி’ என்று பிறகு நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த மறுப்பிலிருந்து தொடங்கியதுதான்.

என் வகுப்புத் தோழிக்கே முதல் நன்றி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றபோது நாங்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தோம். அதன்பின் பக்கத்துச் சாலைப் பாலத்தில், ரயில் வராத தண்டவாளத்தைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்தபடி போனோம். அந்த ரயிலின் ஓசை என்னிடம் இல்லை. முதலாண்டில், தேர்வுக்கு மனப்பாடம் செய்வதற்காகத் தம் குரலையே கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த அவர், அதைத் தேடி எடுத்து அனுப்பினார். பொருளியல் வரையறைகளை அவர் ஒப்பித்துக்கொண்டே போக, அடியில் பாலத்தின் இரும்பு அதிர்வதும் கடற்காற்று சன்னலில் மோதுவதும் ஏழு நிமிடம் கேட்டன. எந்தக் காட்சியை வைத்தாலும் அந்த ஓசை சிறுத்துப்போனதால் திரையைக் கருப்பாகவே விட்டேன். “கரண்டு போயிருச்சா?” என்று பின்வரிசையில் கேட்டவருக்கும் நன்றி, அந்தக் கேள்வி வரும் என்று ஒத்திகையின்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கச்சான் காற்று ஒலிவாங்கியில் அறைந்து நான்கு நாள் பதிவைக் கெடுத்தபோது, கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்காரச் சொன்ன தாத்தாவுக்கும், மீன்கூடைகளுக்கு நடுவே நின்று படமெடுத்த என்னை இறக்கிவிடாத நடத்துநருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். படத்தொகுப்புக்கு மடிக்கணினி தந்த நண்பருக்கும் நன்றி. அவர் வெட்டச் சொன்ன நடுப்பகுதியை வெட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடல்பாசி எடுக்கப் போகும் என் சித்தி, விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதை நான்கு நிமிடம் வெட்டாமல் வைத்திருந்தேன். “காலேஜ் படத்துல எங்கைய எதுக்குப்பா காட்டுற?” என்று அவர் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டேன். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் அந்தக் கையிலிருந்து வந்தது, சித்தி, அதனால்தான்.

திரைக்கு இரவல் வாங்கிய வேட்டிகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. தையலைப் பிரித்து, துவைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஒப்படைத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
படத்தை எடுத்தவன்,
பாம்பன்.