வெந்நீர்ச் சட்டி விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் தெர்மோஸ்டாட்டை (எஞ்சினின் சூட்டுக்கு ஏற்பக் குளிர்விக்கும் காற்றைத் திறந்து மூடும் சின்னப் பாகம்) நாங்கள் சோதித்ததைப் பற்றிக் கொஞ்ச நாளாக ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு நேராக வந்திருக்கும், மீதிப் பேருக்கு அவர்கள் தள்ளிவிட்டிருப்பார்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டியில் போட்டு வேகவைத்தார்கள், அதற்கும் கூலி வாங்கினார்கள், கடைசியில் அதே பழசை மாட்டி அனுப்பினார்கள், வண்டி வழியிலேயே சூடாகி நின்றுவிட்டது" என்று அதில் ஒருவர் சொல்கிறார். யார் என்று சொல்லப்போவதில்லை, அவரோடு சண்டையும் இல்லை. ஆனால் கூலியைப் பற்றிப் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பழசை மாட்டியதால்தான் எஞ்சின் சூடானது என்று சொன்னதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

பழைய பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில் தண்ணீரும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. விசிறி தள்ளும் காற்றுதான் எல்லாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே அந்தக் காற்று முழுவதும் சிலிண்டர் மேல் அடித்தால் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். அதனால் 1965 மாடலில் இருந்து விசிறிக் கூட்டுக்குள்ளேயே காற்றை அடைக்கிற ஃபிளாப்புகளை, அதாவது திறந்து மூடும் தகடுகளை, வைத்தார்கள். அதற்கு முன்பு விசிறியின் வாயில் ஒரு வளையம் அந்த வேலையைப் பார்த்தது. அவற்றைத் திறந்து மூடுவது எஞ்சினுக்கு அடியில், வலப்பக்கச் சிலிண்டர்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் துருத்தி, மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் டப்பா. அதுதான் தெர்மோஸ்டாட். அங்கிருந்து ஒரு கம்பி இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மேலே போகிறது.

இப்போது கவனியுங்கள், இதுதான் முக்கியம். குளிர்ந்திருக்கும்போது துருத்தி சுருங்கியிருக்கும், கம்பியைக் கீழே இழுத்து ஃபிளாப்பை மூடி வைத்திருக்கும். சூடானால் உள்ளே அடைத்திருக்கும் திரவம் ஆவியாகித் துருத்தி நீளும், மேலே இருக்கும் ஸ்பிரிங் ஃபிளாப்பைத் திறந்துவிடும். அந்தத் துருத்தியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? வெளிக்காற்று உள்ளே புகுந்து அது நீண்டபடியே நின்றுவிடும். அதாவது ஃபிளாப் எப்போதும் திறந்தே இருக்கும், காற்று எப்போதும் முழுசாக அடிக்கும். கம்பி அறுந்தாலும் அதே கதைதான், ஸ்பிரிங் திறந்துவிடும். வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒரிஜினல் துருத்தி செத்துப்போனால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும்: ஆயிலில் ஈரம் தங்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். ஆனால் அதனால் சூடாகி நிற்காது. நிற்க வேண்டுமானால் ஃபிளாப் துருப்பிடித்து மூடியபடி இறுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு வைத்த புதுவகை மாற்றுப் பொருளாக இருக்க வேண்டும், அது கெட்டால் மூடியபடியே நிற்க வாய்ப்பு உண்டு. மெசேஜில் சொன்ன அந்த வண்டியில் இருந்தது ஒரிஜினல் துருத்தி. கம்பியைக் கையால் கீழே இழுத்து விட்டுப் பார்த்தோம், ஸ்பிரிங் டக்கென்று மேலே இழுத்தது. எஞ்சின் அறையைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் பட்டை பாதி இல்லை, அடியில் இருந்து வரும் சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். பில்லை யாரும் படிப்பதில்லை, அது வேறு விஷயம்.

சரி, சட்டிக்கு வருவோம். வேடிக்கையாகத்தான் தெரியும், ஆனால் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. அடித்தகட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் இருந்து திருகி எடுக்கிறோம். கையில் எடுக்கும்போதே, ஆறின நிலையிலேயே நீட்டமாக இருந்தால் அதற்கு வெந்நீரே தேவையில்லை, அது போய்விட்டது. சுருங்கியிருந்தால் சட்டியின் அடியில் படாதபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து, தண்ணீரை மெதுவாகச் சூடாக்குகிறோம். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காது, பார்த்துக்கொண்டு நிற்பவர் பொறுமை இழப்பார். 65-லிருந்து 70 டிகிரி செல்சியசுக்குள் அது நீள வேண்டும், குறைந்தது 46 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கிறோம். அப்புறம் வெளியே எடுத்து ஆறவிடுகிறோம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்: மறுபடி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தால் நீளும், திரும்ப ஒழுங்காகச் சுருங்காது. இத்தனையும் தேறிய பழைய துருத்தியை ஏன் தூக்கிப் போட வேண்டும்? புதிது என்று அட்டைப்பெட்டியில் வருவதையும் நாங்கள் இதே சட்டியில் போட்டுப் பார்த்துத்தான் மாட்டுகிறோம், எல்லாமே தேறுவதில்லை.

மாட்டும்போதும் வேலை இருக்கிறது. ஃபிளாப் முழுசாகத் திறந்த நிலையில் தெர்மோஸ்டாட்டின் தலை அதைப் பிடித்திருக்கும் தாங்கியின் மேல் விளிம்பைத் தொடும்படி தாங்கியை நகர்த்தி முறுக்க வேண்டும். இதை அலட்சியமாகச் செய்தால் நல்ல துருத்தியும் ஃபிளாப்பைப் பாதிதான் திறக்கும். "வெயில் காலத்தில் இது எதற்கு, கழற்றி எறிந்துவிடுங்கள்" என்பவர்களிடமும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. வெயிலிலும் எஞ்சின் தன் சூட்டுக்குச் சீக்கிரம் வந்தாக வேண்டும்.

இந்த வேலையை இத்தனை நாள் பார்த்துவந்த எங்கள் மூத்த மெக்கானிக் வேலையை விட்டுப் போய்விட்டார், நல்லபடியாகத்தான் போனார். புதிதாக வந்திருக்கும் பையன் கை சுத்தம், ஆனால் நிதானமாகத்தான் செய்வான். உதிரிப்பாகங்களின் விலையும் உங்களுக்குத் தெரியும்: 2003-ல் மெக்சிகோவில் இந்தப் பழைய ரக பீட்டிலில் கடைசி வண்டி வெளிவந்ததோடு அதன் தயாரிப்பு முடிந்துவிட்டது, நல்ல பொருள் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் அடுத்த மாதத்தில் இருந்து இந்தச் சோதனைக்குத் தனிக் கூலி உண்டு, தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தாலும்; எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதால் வண்டியை முந்தின நாள் மாலையே விட வேண்டியிருக்கும்.

அந்த மெசேஜைக் கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பாமல், நேராக எங்களுக்குப் போன் செய்து "என்னப்பா விஷயம்" என்று கேட்டவர்களை மறக்க மாட்டோம். அப்பா ஓட்டிய வண்டியைப் பிள்ளையும் எங்களிடமே கொண்டுவருகிறார், அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் சோதனை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள், தெர்மாமீட்டரை நீங்களே பிடித்துக்கொள்ளலாம். முன்பு எப்போதோ கழற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாமல் அதையும் கொண்டுவாருங்கள். தண்ணீர் எப்படியும் சூடாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்